மாட்டுக்குத் தெரிந்த கை

தொழில்வழிச் சிகிச்சை படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த நாளில் நான் அழவில்லை. கோபப்பட்டேன். மூன்று நாள் வீட்டில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வைத்தியபீடத்துக்குப் புள்ளி காணாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஒரு நப்பாசை இருந்தது. கிடைத்ததோ, பெயரைச் சொன்னவுடன் விளக்கமும் சொல்லவேண்டிய ஒரு படிப்பு.

"அது என்ன பிள்ளை, பிசியோவோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லையப்பா."

"அப்ப என்ன?"

எனக்கும் தெரியாது. வட்டக்கச்சியில் வயல் செய்கிற மனிதர் அவர். வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளும் நெல்லுக்கு மருந்தடிக்கும் நாளும் விரல் நுனியில் இருக்கும். மகளின் படிப்பு மட்டும் வாயில் நுழையவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "டொக்டர்மாரோட நிண்டு செய்யிற வேலை" என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கினார். பொய்யில்லை என்பதால் நானும் திருத்தவில்லை.

இப்போது யாராவது கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். கை கால் வழங்காமல் போனவர், மனம் குழம்பியவர், வளர்ச்சி பிந்திய குழந்தை, இவர்கள் குளிக்கவும் உடுக்கவும் சாப்பிடவும் பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ திரும்பிப் போகவும் வழி செய்கிற படிப்பு. கைக்குப் பலம் வந்தால் மட்டும் போதாது. அந்தக் கையால் மனிதர் தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடிக்கவேண்டும். அதுவரைக்கும் எங்களுக்கு வேலை இருக்கிறது.

தெற்கில் ஒரு பல்கலைக்கழகம். முதல் வருடம் முழுக்க உடற்கூறும் ஆங்கிலமும் என்னை மாறி மாறி அடித்தன. அறுத்துவைத்த ஒரு கையில் வெள்ளைத் தசைநாண்கள் முன்கையிலிருந்து விரல் நுனிவரை ஓடுவதைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தப் படிப்பில் முதல்முதலாக ஆசை வந்தது. ஒன்றை மெல்ல இழுத்தால் செத்த கையின் விரல் மடங்கியது. அன்று விடுதிக்கு வந்து என் விரல்களையே மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழி சிங்களப் பிள்ளை. எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

இரண்டாம் வருடத்தில் ஒரு ஒப்படை தந்தார்கள். தினசரி வேலை ஒன்றை எடுத்து, அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு படிக்கும் எந்த மூட்டு, எந்தத் தசை, எவ்வளவு கவனம் வேண்டும் என்று எழுதவேண்டும். எல்லோரும் தேநீர் போடுவதை எழுதினோம். நானும் மேசையடியில் நின்று மின்கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைப்பதை எழுதினேன். எங்கள் வீட்டுக் குசினியில் அப்போது மின்கேத்தலும் இல்லை, மேசையும் இல்லை; அம்மா விறகடுப்புக்கு முன்னால் குந்தியிருந்துதான் தேநீர் வைப்பார். ஆனால் முந்திய வருடத்து மாதிரியில் கேத்தல்தான் இருந்தது. நல்ல புள்ளி கிடைத்தது. ஊரைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தால் புள்ளி வரும் என்று அன்று நான் கற்றுக்கொண்டது பிறகு என்னையே கடித்தது.

கடைசி வருடத்தில் ஒரு தவணை முழுவதும் வைத்தியசாலைப் பயிற்சி. நான் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கமான வன்னிக்கே வந்தேன். எங்கள் பிரிவு ஒரு சின்ன அறை. ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு அலுமாரி, மூலையில் ஒரு திரை. அங்கே வேலை செய்தவர் ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். எனக்குப் பொறுப்பானவரும் புள்ளி போடவேண்டியவரும் அவரே. அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களுக்குப் பயப்படுகிற பழக்கம் எனக்கு உண்டு.

அந்த அறைக்குத்தான் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தாயும் தகப்பனும் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். இவர் பிறந்தது இங்கே. பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும். மாட்டுக்குப் புல் அறுத்தபோது அரிவாள் வழுக்கி இடது கையில் விழுந்துவிட்டது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் போகிற தசைநாண்கள், ஊரார் நரம்பு என்று சொல்வது, இரண்டும் அறுந்து, வேறோர் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் தைத்து, நாலாம் நாள் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

உட்கார்ந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், நான் எப்ப பால் கறக்கலாம்?"

"அதைப் பிறகு பாப்பம் அக்கா. முதல் கை சுகமாகட்டும்" என்றேன்.

"பிறகுன்னா பால் வத்திப்போயிடும் மிஸ். பெரிய பசு என் கையைத் தவிர வேற கைக்கு விடாது. எங்க வீட்டுக்காரர் என் சீலையைச் சுத்திக்கிட்டுப் போய்க் குந்தினார். ஒரே உதை."

அறையில் இருந்த மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டின் அடுப்பு எரிவது நாலு மாட்டின் பாலில் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கை வராவிட்டால் மாடுகளை விற்கவேண்டும். விற்றால் கணவரின் கூலி வேலை ஒன்றுதான் மிச்சம்.

தைத்த நாண் ஒட்டும்வரை ஆறு கிழமைக்கு, நாற்பது நாளுக்கு மேல், கையை ஒரே நிலையில் வைத்திருக்கவேண்டும். அதற்கு ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டில் ஸ்பிளின்ட் என்கிற கைத்தாங்கி செய்வோம். சுடுதண்ணீரில் போட்டால் தகடு துணிபோல இளகும். கையின் மேல் வைத்து வளைத்து ஆறவிட்டால் கல்லாக இறுகிவிடும். நான் அதைத் திரைக்குப் பின்னால் இளக்கிக் கொண்டுவந்து, அக்காவின் புறங்கையில் வைத்து வடிவாக அமத்தினேன். முதல் தடவையிலேயே சரியாக வந்ததில் எனக்குச் சந்தோசத்தில் சரியான புளுகம். "கோழிக்குஞ்சைப் பொத்திப் பிடிக்கிற மாதிரிக் கை இருக்கோணும் அக்கா. நசிக்கவும் கூடாது, விடவும் கூடாது. குளிக்கேக்கையும் கழட்டக் கூடாது. பொலித்தீன் பையைக் கட்டிப்போட்டுக் குளியுங்கோ. வெயிலில வைக்காதேங்கோ, அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ" என்று ஒரு மூச்சில் சொன்னேன். பல்கலைக்கழகத்து ஆங்கிலத் தாளில் இருந்ததெல்லாம் சொன்னேன். அதில் இல்லாத எதையும் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை, வரச் சொல்லாத ஒரு நாளில், காலை முதல் ஆளாக அக்கா வந்து நின்றார். தலையை அள்ளி முடிந்திருந்தார். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். தோளில் தொங்கிய பையை என் பக்கம் திருப்பி, "எடுத்துப் பாருங்க மிஸ்" என்றார். பைக்குள் கையை விட்டேன். தட்டையாக, நெளிந்து, தோசை போல ஒரு தகடு வந்தது. நான் செய்த ஸ்பிளின்ட்.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம்.

"கழட்டக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? சொன்னது விளங்கேல்லையோ உங்களுக்கு?" என்று, அவருக்குப் பின்னால் வந்து நின்ற நாலு பேருக்கு முன்னால் ஏசினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நேத்துப் பக்கத்து வீட்டுல செத்தவீடு மிஸ். போகாம இருக்க ஏலாது. வந்து குளிச்சிட்டு, போட்டிருந்ததெல்லாம் கழுவாம எப்படி வீட்டுக்குள்ள போறது? துணியெல்லாம் பச்சத்தண்ணியில அலசினேன். இது புண்ணுல படுற சாமானாச்சே, கிருமி போகணும்னு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவெச்ச தண்ணியில போட்டேன். எடுத்துப் பார்த்தா இப்படி ஆயிட்டு."

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் எங்கள் வீட்டிலும் அதுதான். கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் வார்த்து, உடுத்திருந்ததை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலடி வைப்போம். அம்மா எங்கள் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றவைத்துத் தண்ணீர் தெளித்து எடுப்பார். தெற்கிலிருந்து வந்த ஒருத்திக்கு இது தெரியாமல் போயிருந்தால் அது வேறு. வட்டக்கச்சியில் பிறந்து வளர்ந்த எனக்கு ஏன் நினைவு வரவில்லை? ஆறு கிழமைக்குள் ஒரு கிராமத்தில் ஒரு செத்தவீடாவது வராதா? கழுவினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கோ என்று ஒரு வசனம் போதுமாயிருந்தது. தகடு சுடுதண்ணீரில் இளகுவதை அவர் கண்ணால் பார்த்திருந்தால் அந்த வசனமும் தேவைப்பட்டிராது. நான்தான் வித்தைக்காரி மாதிரித் திரைக்குப் பின்னால் செய்துகொண்டு வந்தேனே.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அந்தக் கை தாங்கியில்லாமல் இருந்திருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க ஒருமுறை எட்டியிருந்தாலே நாண் அறுந்திருக்கும். அறுந்தால் திரும்ப வெட்டித் தைப்பது முன்னையதைப் போல வராது.

"பஸ்ஸில எப்பிடி வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கதானே கோழிக்குஞ்சைப் பொத்தின மாதிரின்னு சொன்னீங்க. அப்படியே பொத்திக்கிட்டு வந்தேன். ராவுல தலகாணி வெச்சு வீட்டுக்காரர் பார்த்துக்கிட்டார்."

பொறுப்பானவர் இதற்குள் வந்துவிட்டார். தோசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவின் கையை மேசையில் ஒரு துவாயின் மேல் வைத்து, "கையைத் தளர விடுங்கோ, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்" என்றார். பிறகு மணிக்கட்டை இலேசாக, மிக இலேசாக, மேலே நிமிர்த்தினார். நாண் முழுதாக இருந்தால் அப்போது விரல் தானாக உள்ளே மடங்கும். அறுந்திருந்தால் தொய்ந்து கிடக்கும். செத்த கையில் நான் படித்த அதே பாடம்.

சுட்டுவிரல் மடங்கியது.

நடுவிரல் அப்படியே கிடந்தது. பொறுப்பானவர் மணிக்கட்டைத் திரும்பக் கீழே விட்டு, வீங்கியிருந்த விரலை மெதுவாக நீவிவிட்டு, மறுபடியும் நிமிர்த்தினார். நடுவிரல், சோம்பல் முறிக்கிற மாதிரி, கொஞ்சமாக உள்ளே வந்தது.

"இருக்கு" என்றார் அவர். அப்படி ஒரு ஆறுதலை என் பரீட்சைப் பெறுபேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை.

புது ஸ்பிளின்ட் செய்தபோது அக்காவைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். தகடு தண்ணீரில் இளகித் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "அட, இதையே நான் திருப்பி வீட்டுச் சட்டியில போட்டிருக்கேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று அவர் சிரித்ததை முதல்முதலாகப் பார்த்தேன்.

மிச்சமிருந்தது கோப்பு. நடந்ததை எழுதிவைக்கச் சொல்லிவிட்டுப் பொறுப்பானவர் வாட்டுக்குப் போய்விட்டார். இப்படியான இடத்தில் வழக்கமாக எழுதுகிற வசனம் ஒன்று இருக்கிறது: நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை. எழுதினால் முடிந்தது. என்னில்தான் பிழை என்று எழுதினால், நோயாளியின் பாதுகாப்பு என்கிற பகுதியில் புள்ளி போகும். அதில் தவறினால் தவணையைத் திரும்பச் செய்யவேண்டும். என் வகுப்பு பட்டம் வாங்க, நான் காத்திருக்கவேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்த வழக்கமான வசனத்தில் பொய்யும் இல்லை. கழற்றக் கூடாது என்று சொன்னது உண்மை, கழற்றியது உண்மை.

என் முகத்தில் என்ன கண்டாரோ, அக்கா கதிரையை நகர்த்திக் கிட்ட வந்தார். "நான் சொல்வழி கேக்கலைன்னு எழுதிடுங்க பிள்ளை. என்னை யாரு கேக்கப்போறா? உங்க படிப்பு கெடக்கூடாது."

அதுவரை மிஸ் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் பிள்ளை என்றார். நாலு பேருக்கு முன்னால் நான் ஏசிய வாய் இன்னும் காயவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இல்லை அக்கா. நான்தான் சொல்லாமல் விட்டனான்" என்றேன். ஸ்பிளின்டைக் கழுவும் முறையை நோயாளிக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை, இந்தப் பகுதியில் மரணவீட்டுக்குப் போய்வந்தால் எல்லாவற்றையும் கழுவும் வழக்கத்தை நான் கேட்டறியவில்லை என்று எழுதினேன். துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, என்பதை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று வரி பிடித்தது. பொறுப்பானவர் பின்னேரம் அதை வாசித்தார். கையெழுத்துப் போட்டார். "இதை நோயாளிக்குக் குடுக்கிற தாளிலயும் சேருங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பாதுகாப்புப் பகுதியில் எனக்குப் புள்ளி குறைந்துதான் வந்தது. தவறவில்லை.

ஆனால் கை இன்னும் தப்பவில்லை. நாண் அறாவிட்டாலும் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிப்பிடித்து, விரல் விறைத்தே போய்விடலாம். ஒவ்வொரு கிழமையும் அக்கா வரும் நாளில் விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பேன். அளக்கும்போது என் முகத்தில் எதையும் காட்டமாட்டேன். நல்லா இருக்கு அக்கா என்று சிரித்தபடி சொல்வேன். அவர் போனபிறகு குறித்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

ஸ்பிளின்டைக் கழற்றியபிறகு, இந்தமுறை எந்த மாதிரியையும் பார்க்காமல், பால் கறப்பதைப் படிப்படியாகப் பிரித்து எழுதினேன். அக்காவிடமே கேட்டேன். காம்பை எந்த விரல் முதலில் பிடிக்கும், எது பிறகு இறுகும், எவ்வளவு நேரத்தில் கை உளையும். ரப்பர் கையுறை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனியில் ஊசியால் துளையிட்டு, யன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். முதலில் வெறுமனே பிடித்துவிடுவது, பிறகு துளி, பிறகு தாரை. வீட்டிலும் ஒன்றைக் கட்டி நானே பழகினேன். அப்பா கண்டுவிட்டார்.

"கம்பஸுக்கு அனுப்பினது கையுறையில பால் கறக்கவோ?" என்று கேட்டுவிட்டு முற்றத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அடுத்த நாள் வயலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் படிப்பு என்ன என்று அவர் முதன்முதலாகச் சரியாக விளக்கினாராம். அம்மா சொன்னார்.

பன்னிரண்டாம் கிழமை, என் பயிற்சியின் கடைசிக் கிழமை, வீடு பார்க்கப் போனோம். ஒட்டுசுட்டான் பஸ்ஸில் பொறுப்பானவர் நித்திரை. நான் வகுப்புத் தோழர்களின் செய்திகளை வாசித்துக்கொண்டு போனேன். எல்லோருக்கும் அடுத்து என்ன என்கிற கதைதான். ஒருத்தி வெளிநாட்டில் பதிவுசெய்யப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒருவன் கொழும்பில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் நிலையம் ஒன்றில் வேலை கேட்டிருக்கிறான். ஒருத்திக்கு மனநல வைத்தியசாலை விருப்பம், இன்னொருத்திக்குப் படிப்பிக்க விருப்பம். ஒருவன் செயற்கைக் கால் பொருத்துகிற இடத்துக்குப் போகப்போகிறானாம். நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குக் கேள்வி வந்தது. நான் இப்போது மாடு கறக்கப் போகிறேன் என்று பதில் போட்டேன். பட்டம் வாங்கியபிறகு எனக்கும் நியமனம் வந்தது, வன்னிக்குள்ளேயே. கேட்டவர்கள் பாவம் என்றார்கள், நான் பாவப்படவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் எனக்கு நியமனத்தைப் பற்றி ஒரு நினைவும் இல்லை. பெரிய பசு உதைக்குமா என்பதுதான் நினைவு.

இவ்வளவு நாளும் கன்று குடித்ததால்தான் பெரிய பசுவின் பால் வற்றவில்லை. பட்டியில் கன்றை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் குடிக்கவிட்டு, திரும்பப் பிடித்துக் கட்டினார்கள். அக்கா குந்தினார். முழங்காலுக்கிடையில் வாளி. இடது கை காம்பில் பட்டதும் பசு விலகியது. திரும்பி அந்தக் கையை முகர்ந்தது. தழும்புக்குப் பூசிய எண்ணெய் மணம் பிடிக்கவில்லையோ என்னவோ, மறுபடியும் விலகியது.

"கை நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. இதுக்குத்தான் மறந்துபோச்சு" என்றார் அக்கா. பிறகு பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கையாலும் மெல்லத் தடவினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் வேலிக் கம்பைப் பிடித்தபடி நின்றேன்.

வாளியின் அடியில் வலது கையின் தாரை விழுந்தது. அடுத்து, கொஞ்சம் மெலிந்து, இடது கையின் தாரை விழுந்தது. நடுவிரல் முழுதாக மடங்கவில்லை, உள்ளங்கைக்கு ஒரு விரல் அகலம் எட்டாமல்தான் நின்றது. பால் வந்தது. வலம், இடம், வலம், இடம் என்று சத்தம் மாறாமல் வந்தது.

நான் அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி, சின்னப் பிள்ளை மாதிரி, பொறுப்பானவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைவுகூட இல்லாமல் அழுதேன்.

"ஏன் பிள்ளை அழுறீங்க? அதான் கை வந்துட்டுதே."

"பயந்துபோய் இருந்தனான் அக்கா. அந்தத் தகடு இளகின அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் பயந்தனான்."

அவர் கறப்பதை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை.

"நல்ல கதை" என்றார். "உங்க முகத்தைப் பார்த்துத்தானே நான் பயப்படாம இருந்தேன்."